பள்ளி வழியின் அளவும் பங்கீட்டின் நேர்மையும்

கூட்டுறவின் முதற்பாடம் பங்கீடு. பங்கீடு நேர்மையாக அமைய வேண்டுமாயின் அளவு முதலில் சரியாக இருத்தல் வேண்டும். நமது பால் சங்கங்களில் லிட்டர்க் கணக்கை மட்டும் பார்த்து விலை தருவதில்லை. கொழுப்புச் சத்தையும் சோதித்தே தருகிறோம். நெசவாளர் நூலை எடையால் மட்டும் மதிப்பதில்லை. கவுண்டையும் பார்த்தே வாங்குகின்றனர். நம் குழந்தைகள் பள்ளிக்குச் செல்லும் வழியை அளப்பதிலும் இந்த விவேகம் வேண்டுமென்பதே நமது கருத்து.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு 2010இலும் தமிழ்நாடு அரசு 2011இலும் விதிகள் வகுத்தன. ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் நடந்து செல்லும் தொலைவில் பள்ளி இருத்தல் வேண்டும். அவ்வாறு பள்ளி எட்டாத சிற்றூர்க் குழந்தைகளின் வாகனச் செலவிற்காக, 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டம் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுதோறும் 6,000 ரூபாய் வரை வழங்க வகை செய்தது. எந்த ஊருக்கு இவ்வுதவி உரியது எனத் தெளியப் பள்ளிகளையும் குடியிருப்புகளையும் கணினி வரைபடத்தில் குறிக்கும் முறையும் வந்துள்ளது. சிபாரிசுக்கு இடமின்றி எல்லா ஊரையும் ஒரே கண்ணால் நோக்கும் கருவி இது, மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், வரைபடத்தில் இரு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைப்பது எளிது. குழந்தை அக்கோட்டின்மீது நடப்பதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் மலைப்பகுதிகளில் நேர்கோட்டில் அருகே தோன்றும் பள்ளி, குன்றையும் ஓடையையும் சுற்றிச் செல்லும் பாதையில் இருமடங்கு தொலைவாகிவிடக் கூடும். யானை நடமாடும் காட்டுவழியில் ஒரு கிலோமீட்டரும் நெடுந்தொலைவே. அரசுப் பேருந்தில் மாணவர்க்கு இலவசப் பயண அட்டை உண்டு. பேருந்தே வராத ஊரில் அவ்வட்டையால் யாது பயன்?

ஓசூர்ப் பக்கத்தில் இடர் வேறு வகையானது. தொழிற்பேட்டையை அடுத்து வாடகை அறைகளிலும் கட்டடப் பணியிடங்களிலும் குடியிருப்போர் அடிக்கடி இடம் மாறுகின்றனர். பழைய பட்டியலில் அவர்தம் குழந்தைகள் இடம்பெறார். எல்லைப்புற ஊர்களிலோ தெலுங்கு, கன்னடம், உருது மொழிவழிப் பயிலும் குழந்தைகளும் உளர். வரைபடம் காட்டும் அண்மைப் பள்ளி அவர்கள் பயிலும் மொழியின் பள்ளியாக இல்லாதிருக்கலாம்.

இவ்வழக்கு புதிதன்று. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், எட்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு 2 மைலும் மற்றவர்க்கு 3 மைலும் நடைத்தொலைவு என வரையறுத்தபோதே, அதனைச் செல்லத்தக்க மிக அண்மையான வழியால் அளக்க வேண்டுமென்றும் விதித்தது. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு விதிகளும் வெள்ளம், நிலச்சரிவு, சாலையின்மை ஆகிய அபாயங்கள் உள்ள இடங்களில் தொலைவின் எல்லையைக் குறைக்க இடமளிக்கின்றன. ஆகவே நெறி ஏட்டில் உள்ளது. அதற்கேற்ற அளவையே வேண்டப்படுகிறது.

நாம் கோருவன மூன்று. முதலாவது, தொலைவு நேர்கோட்டால் அன்றிக் குழந்தை நடக்கும் பாதையால் அளக்கப்படல் வேண்டும். இன்று கைப்பேசியே அப்பாதையைப் பதிவு செய்யவல்லது. இரண்டாவது, அவ்வரைபடம் ஒப்புதலுக்கு முன் கிராம சபையில் வைக்கப்பட்டு, பெற்றோர் திருத்தம் சொல்ல வாய்ப்பளிக்கப்படல் வேண்டும். மூன்றாவது, மலைவழிக்கும் சமவெளிக்கும் ஒரே தொகை என்னும் முறை மாறி, வழியின் தன்மைக்கேற்ப நிதி ஏறியும் இறங்கியும் அமைதல் வேண்டும். எல்லார்க்கும் ஒரே தொகை தருவது சமத்துவமாகத் தோன்றலாம். வண்டி ஏற மறுக்கும் சாலையுடைய ஊருக்கு அது வெறும் கணக்கெழுத்தே.

இதில் நமது சங்கங்களுக்கும் கடமை உண்டு. எந்தப் பாதை மழைக்காலத்தில் அறுபடும், எந்தத் தெருவரை வண்டி வரும் என்பதை நாள்தோறும் பாலும் காய்கறியும் ஏற்றுவோரைவிட நன்கறிந்தவர் யார்? சங்கந்தோறும் உறுப்பினர் இருவர் முன்வந்து தம் ஊர்ப் பள்ளி வழியை நடந்து அளந்து, பள்ளி மேலாண்மைக் குழுவிடம் ஒப்படைப்பார்களாக. வழி தொலைவென்று படிப்பை நிறுத்துவோரில் பெண் குழந்தைகளே முந்துகின்றனர். அவர்களை வகுப்பறைக்கு மீட்டுத் தரும் அளவு எதுவோ, அதுவே சரியான அளவு.