சிற்றூர் வாசம்

பட்டண வாழ்க்கையில் சலிப்புற்றுச் சிற்றூர்களை நாடும் எண்ணம் படித்தவர்களிடையே பரவி வருகிறது. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தேசமெங்கும் ஊரடங்கு பிறந்தபோது, சென்னையையும் பெங்களூரையும் விட்டுச் சொந்த ஊர் திரும்பியோர் பலர். அவர்களில் சிலர் மீண்டும் பட்டணம் ஏறவில்லை. வாடகைச் சுமையும் தண்ணீர்க் கஷ்டமும் தெரு நெரிசலும் கற்பித்த பாடம் எளிதில் மறக்கத்தக்கதன்று. எனினும், குடிபெயர்தல் என்பது சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்குவதோடு முடிகிற காரியமன்று. ஊரார் வந்தவரை ஏற்க வேண்டும். வந்தவரும் ஊருக்கு உரியவராக வேண்டும். இது கைகூடும் வழியைச் சேலம், நாமக்கல் சீமையின் அனுபவத்தைக் கொண்டே ஆராய விரும்புகிறோம்.

சிற்றூரில் பிழைப்பில்லை என்போர் இச்சீமையை ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். வானம் பார்த்த பூமி மிகுந்த இப்பிரதேசத்தில் ஜனங்கள் தம் முயற்சியாலேயே தொழில்களை வளர்த்திருக்கின்றனர். நாமக்கல்லில் கூடு கட்டிய லாரிகள் பாரத தேசமெங்கும் ஓடுகின்றன. அதன் பண்ணை முட்டைகள் கடல் கடந்து செல்கின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாகாணங்களிலும் ஆழ்குழாய்க் கிணறு போடுகின்றன. ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கங்களில் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசியாகிறது. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி ஜில்லாவாயிற்று. 2013-ல் சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் வந்தது. 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. 2024-ல் நகரம் மாநகராட்சியாக உயர்ந்தது. தொழிலும் வைத்தியமும் கல்வியும் பட்டணத்துக்கே உரியவை என்ற பழைய வாதம் இங்கே வலுவிழந்துவிட்டது. பின் குறை எங்கே இருக்கிறது?

சிற்றூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். நோய் கண்டால் அடுத்த வீட்டார் ஓடி வருவதும், கடைக்காரர் கணக்கெழுதிக்கொண்டு அரிசி தருவதும் அந்த அறிமுகத்தால்தான். வீடு தேடி வருபவரை 'நீங்கள் என்ன ஜாதி?' என்று கேட்கச் செய்வதும் அதே அறிமுகந்தான். நேரே கேட்கக் கூசுவோர், 'பூர்வீகம் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? வீட்டில் கவிச்சி உண்டா?' என்று சுற்றி வளைத்துக் கேட்பர். விடை பிடிக்காவிடில், காலியாகக் கிடக்கும் வீடு மறுநாளே வேறொருவருக்குப் பேசி முடித்த வீடாகிவிடும்.

இந்நோய்க்கு மருந்து கண்டவரும் இச்சீமையிலேயே இருந்தார். சேலத்தில் பேர்பெற்ற வக்கீலாயும், 1917 முதல் 1919 வரை முனிசிபல் சேர்மனாயும் விளங்கிய ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார், வக்கீல் தொழிலைத் துறந்தபின், 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை அமைத்துக் குடியேறினார். நிலம் அளித்தவர் அவ்வூர் ஜமீன்தார். திறந்து வைத்தவர் ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி. தீண்டாதார் எனப்பட்டோர் அங்கே சமமாக வாழக் கண்டு, அக்கம்பக்கத்தார் முதலில் விலகியே நின்றனர். ஆசிரமத்தார் அதற்காக அவர்களைக் கைவிட்டு ஊராரைச் சமாதானம் செய்யவில்லை. ஊராரை வெறுத்து ஒதுங்கவுமில்லை. ராட்டையால் ஏழைப் பெண்களுக்குக் கூலியும், நோயாளிகளுக்கு மருந்தும் கிடைக்கச் செய்தனர். மதுவிலக்குப் பிரசாரம் புரிந்தனர். 1937 அக்டோபர் 1-ந் தேதி சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலாயிற்று. கொள்கையை விடாமலே ஊர்ப்பணி செய்து ஊரில் நிலைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதற்கு மாறான காட்சியையும் மறைத்தல் தகாது. நாமக்கல்லில் சர்க்கார் கல்லூரி ஆசிரியராயிருந்த ஸ்ரீ பெருமாள்முருகன் வெளியூராரல்லர்; இம்மண்ணில் பிறந்தவர். அவருடைய 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துக் கிளர்ச்சி எழவே, 2015 ஜனவரியில் கலெக்டர் ஆபீஸில் நடந்த சமாதானப் பேச்சில் அவர் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுக்க நேர்ந்தது. பின்னர் சென்னைக்கு மாற்றலாகிச் சென்றார். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாதென்று 2016 ஜூலை 5-ல் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. நூலின் குணதோஷங்களைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால், ஊரிலேயே பிறந்தவர் ஊரில் இருக்க முடியாத நிலை தோன்றினால், புதிதாய் வருகிறவன் எந்தத் தைரியத்தில் வருவான்?

பண்ணைகளிலும் ஆலைகளிலும் இன்று பீஹாரிகளும் ஒரியர்களும் உழைக்கின்றனர். அவர்கள் கைகள் வேண்டும், அவர்கள் குடும்பங்கள் வேண்டாம் என்பது நியாயமாகாது. வீட்டுக்காரர்கள் வாடகையையும் நடத்தையையும் விசாரிக்கட்டும். ஜாதியை விசாரிப்பதை விடட்டும். ஊர்ப் பிரமுகர்கள் அதற்கு வழிகாட்டட்டும். பட்டணத்திலிருந்து வருவோரும், ஊரைத் திருத்த வந்த மேதாவிகளாகத் தங்களை எண்ணாது, பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்து, ஏரி, தெருவிளக்கு, வாசகசாலை ஆகியவற்றின் காரியங்களில் தோள் கொடுக்கட்டும்.

சாலையும் ரயிலும் சர்க்கார் போட்டுத் தரலாம். வந்தவனுக்குத் திண்ணையில் இடம் தரும் மனத்தைச் சர்க்கார் போட்டுத் தர இயலாது. அதை ஊராரே தரவேண்டும். நூறு வருஷங்களுக்கு முன் புதுப்பாளையத்தில் தொடங்கிய அந்தத் தொண்டை நம் தேசபக்தர்கள் தத்தம் ஊர்களில், தத்தம் தெருக்களில் முடித்துவைப்பார்களாக!