பழைய ஜெட் விமானம்: விலையைப் பார்த்து ஏமாறலாமா?

மளிகை வியாபாரிகள் படிக்கும் இதழில் ஜெட் விமானத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இன்று அமெரிக்காவிலேயே அதிக மளிகை விற்கும் நிறுவனம் வால்மார்ட். அதன் நிறுவனர் சாம் வால்டன், 1950-களில் சில சிறு கடைகளை மட்டும் நடத்திவந்த காலத்திலேயே 1,850 டாலருக்கு இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கினார். தாமே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைகளைப் பார்வையிட்டார். மேலிருந்தபடியே புதுக் கடைக்கு இடம் தேடினார். பெரும் பணக்காரர் ஆன பிறகும் பழைய விமானங்களையே வாங்கினார். எனவே வணிகருக்கு விமானம் வீண் ஆடம்பரம் என்று நாம் ஒரேயடியாகச் சொல்ல மாட்டோம். பழையதை வாங்குவதும் இழுக்கல்ல. ஆனால் வால்டன் முதலில் வாங்கியது ஒற்றை எஞ்சின் பெட்ரோல் விமானம். அந்தக் கணக்கை ஜெட்டுக்குப் போட்டால் கடையின் முதலே முழுகிவிடும்.

கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் உருவான செஸ்னா சைட்டேஷன் என்ற சிறிய ஜெட் 1971-இல் சான்று பெற்றது. அந்த வரிசையின் 1970, 80-களின் விமானங்கள் இன்றும் அமெரிக்கச் சந்தையில் கைமாறுகின்றன. புதிய இரட்டை எஞ்சின் பெட்ரோல் விமானத்தின் விலையைவிடக் குறைவாகவே சில கிடைக்கும். நாலைந்து ஊர்களில் கிளை வைத்திருக்கும் முதலாளிக்கு ஆசை வருவது இங்கேதான்.

விலை ஏன் குறைவு? எஞ்சினைப் பாருங்கள். அந்த விமானங்களில் இருப்பது பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனத்தின் ஜேடி15டி எஞ்சின். பொதுவாக 3,500 மணி நேரம் ஓடியதும் அதை முழுக்கப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும். நடுவே 1,750 மணியில், நெருப்பு எரியும் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். எஞ்சினோ இரண்டு. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் கெடு வந்துவிட்டால், ஓவர்ஹால் செலவு விமானத்தின் விலையையே தாண்டிவிடும். அப்படிப்பட்ட விமானங்களை உடைத்து உதிரிபாகமாக விற்றுவிடுகிறார்கள். ஆகவே முதல் கேள்வி, எஞ்சினில் மிச்சம் எத்தனை மணி என்பதே. பளபளக்கும் பெயிண்டும் புதுத் தோல் இருக்கையும் கண்ணை மயக்கும். விற்பவர்கள் அதற்குத்தான் முதலில் செலவு செய்கிறார்கள். பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டிவந்தால் ஓவர்ஹால் செலவை ஏற்கும் திட்டங்களும் உண்டு. பழைய உரிமையாளர் அதில் சேராமலே ஓட்டியிருந்தால், நாம் சேரும்போது ஓடிப்போன மணிகளுக்கும் சேர்த்துக் கேட்பார்கள்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் செலவில்லை என்று எண்ண வேண்டாம். சைட்டேஷனில் ‘ஃபேஸ் 5’ என்ற பெரிய பரிசோதனை 1,200 மணிக்கு ஒருமுறை அல்லது 36 மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது வரும். விமானிக்குச் சம்பளம், அவருடைய வருடாந்திரப் பயிற்சி, ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் விமானம் பறந்தாலும் படுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். விற்காத சரக்குக்கும் கிடங்கு வாடகை கட்டுகிற நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வருடத்துக்கு 200 மணிகூடப் பறக்காதவர் சொந்தமாக ஜெட் வாங்குவது தண்டம் என்பது நமது கருத்து. வாரன் பஃபெட்டின் நிறுவனம் 1986-இல் 8,50,000 டாலருக்குப் பழைய ஜெட் வாங்கியது. 1989-இல் அதை விற்றுவிட்டு 67 லட்சம் டாலருக்கு இன்னொரு பழைய ஜெட் வாங்கியது. அந்த விமானத்துக்கு ‘நியாயப்படுத்த முடியாதது’ என்ற பொருளில் அவரே கிண்டலாகப் பெயர் வைத்தார். 1995-இல் அவர் குடும்பத்துக்காக வாங்கியது ஒரு ஜெட்டின் கால் பங்கு மட்டும். வருடத்துக்கு 200 மணி. அப்படிப் பங்கு போட்டு விற்ற கம்பெனியையே 1998-இல் 72.5 கோடி டாலருக்கு வாங்கிவிட்டார்! பதினாறில் ஒரு பங்கு வாங்கினால் வருடத்துக்கு 50 மணி. அதற்கும் குறைவாகப் பறப்பவருக்கு வாடகை ஜெட் போதும்.

தயாரித்த கம்பெனி இருக்கிறதா என்பதும் முக்கியம். எக்லிப்ஸ் 500 என்ற குட்டி ஜெட்டை மலிவு என்று பலர் முன்பணம் கட்டிப் பதிவு செய்தார்கள். சுமார் 260 விமானங்கள் வெளிவந்த நிலையில் 2008-இல் கம்பெனி திவாலானது. முன்பணம் கட்டியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2012-இல் ஹாக்கர் பீச்கிராஃப்ட் திவாலானபோது பிரீமியர் ஜெட் வைத்திருந்தவர்களின் உத்தரவாதம் காற்றில் போனது.

கருவிகளையும் விடக்கூடாது. அமெரிக்காவில் 2005 முதல் 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே பறக்கத் துல்லியமான உயரமானி முதலிய கருவிகள் வேண்டும். அவை இல்லாத ஜெட் தாழப் பறந்து எரிபொருளைக் குடிக்கும். 2020 முதல், இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கும் கருவியும் பெரும்பாலான இடங்களில் கட்டாயம்.

விளம்பரத்தில் எட்டு இருக்கை என்றிருக்கும். டாங்கியை நிரப்பினால் பல சிறிய ஜெட்களில் மூன்று நான்கு பேருக்குமேல் ஏற முடியாது. எட்டு பேரும் ஏறினால் எரிபொருளைக் குறைத்து நடுவழியில் இறங்க வேண்டும். தராசு பிடிக்கும் நாம் இதை முதலிலேயே கேட்க வேண்டாமா?

கடைசியாகக் காகிதம். விமானம் பிறந்த நாள் முதலான பதிவேடுகள் முழுமையாக இருக்க வேண்டும். ஒன்று தொலைந்தாலும் மதிப்பு சரியும். வாங்குமுன் செய்யும் பரிசோதனையை, அந்த விமானத்தை இதுவரை பராமரித்துவந்த பட்டறையிடமே கொடுக்கக்கூடாது. தன் வேலையில் தானே யார் குற்றம் காண்பார்? துருவைத் தேடச் சொல்லுங்கள். கடற்கரை ஊரில் நின்ற விமானமானால் இன்னும் கவனமாகத் தேட வேண்டும். ஓக்லஹோமா சிட்டியில் உள்ள அரசுப் பதிவகத்தில் கடன், வில்லங்கம் உண்டா என்று பார்த்து முடியும்வரை, பணம் மூன்றாம் நபரின் பொறுப்பிலேயே இருக்கட்டும்.