எழுத்தில் பதில் கேட்கும் வாடிக்கையாளர்: திருச்சிராப்பள்ளி மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்



ஆட்டிசம் உடைய வயதுவந்தோர், பணம் கொடுத்துப் பொருளும் சேவையும் பெறும் நிறுவனங்களோடு தமக்கேற்ற முறையில் தொடர்புகொள்ள முடியாமல் தவிப்பதையும், அதைச் சீர்செய்யும் வாய்ப்பு ஆட்சித் தலைவரின் கையில் இருப்பதையும் எடுத்துரைக்கவே இம்மடல் எழுதப்படுகிறது. ஆட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சி வேறுபட்டு அமைவதால் பிறர் பேச்சையும் சுற்றியுள்ள ஒலி, ஒளியையும் உள்வாங்கும் விதம் இளமை முதலே மாறுபட்டிருக்கும் நிலையாகும். குழந்தைகளுக்கான பயிற்சி மையங்களைப் பற்றியே பெரிதும் பேசப்படுவதால், அக்குழந்தைகள் வளர்ந்து வங்கிக்கும் துணிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் தாமே செல்லும் வாடிக்கையாளர்கள் ஆகிறார்கள் என்பது மறக்கப்பட்டுவிடுகிறது.

தொலைபேசியே முதல் தடை. முகம் தெரியாத ஒருவரின் பேச்சை இரைச்சலுக்கிடையே பிரித்தறிந்து, பொருள் கொண்டு, அந்த நொடியிலேயே விடை சொல்லியாக வேண்டிய நெருக்கடியில், எழுத்தில் தெளிவாகக் கருத்துரைக்க வல்லவரும் பேச்சிழந்து போகக்கூடும். ஆயினும் மருத்துவரைப் பார்க்க முன்பதிவு, பழுதான குளிர்சாதனப் பெட்டிக்கான புகார், தவறாகப் பிடித்த வங்கிக் கட்டணம் பற்றிய விசாரணை ஆகியவற்றுக்குக் குறிப்பிட்ட எண்ணை அழைப்பதே பல இடங்களில் ஒரே வழியாக இருக்கிறது. தாயோ உடன்பிறந்தாரோ அவருக்காகப் பேச முன்வந்தாலும், கணக்குக்கு உரியவரே பேச வேண்டும் என்ற பாதுகாப்பு விதி குறுக்கே நிற்கிறது.

நேரில் சென்றால் வேறு வகைத் தடை. சின்னக்கடை வீதியிலும் என்.எஸ்.பி. சாலையிலும் புழங்கும் வியாபாரப் பேச்சு நயமானது, ஆனால் குறிப்பாலேயே பாதி பேசுவது. ‘பார்த்துச் செய்யலாம்’ என்பது விலை குறையும் என்ற உறுதியா மறுப்பா என்பதும், தையற்காரரின் ‘நாளைக்கு வாங்க’ என்பதில் நாளை எந்த நாள் என்பதும் கேட்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியவை. சொல்லை நேர்ப்பொருளிலேயே கொள்ளும் ஆட்டிசம் உடையவரோ, மறுநாளே சென்று வெறுங்கையோடு திரும்புகிறார். தீபாவளி நெருக்கத்தின் ஒலிபெருக்கிகளும், மார்கழியின் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் ஸ்ரீரங்கத்தின் உத்திர, சித்திரை வீதிகளை நிறைக்கும் கூட்டமும் இந்தச் சுமையை இன்னும் கூட்டுகின்றன.

ஆட்டிசம் உடையோர் கேட்கும் எழுத்துவழித் தொடர்பு நம் கடைத்தெருவுக்குப் புதியதன்று. மளிகைச் சாமான் பட்டியலைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் பொட்டலங்களை எடுத்துச் செல்வது தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். அந்தச் சீட்டு இன்று வாட்ஸ்அப்பில் போகிறது. விற்பனைக்கு எழுத்தை ஏற்கும் நிறுவனம், விசாரணைக்கும் புகாருக்கும் மட்டும் குரலைக் கட்டாயமாக்குவதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தான் பட்டியலிடும் 21 குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்திருப்பதோடு, ‘தகவல் தொடர்பு’ என்பதன் வரையறையிலேயே எழுத்தையும் எளிய மொழியையும், படங்கள் அல்லது கருவிகள் வழியே கருத்தை உணர்த்தும் மாற்று முறைகளையும் அடக்கியுள்ளது. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றிச் சேவை வழங்குவோர் அனைவரும் அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்கிறது 46ஆம் பிரிவு. அவ்விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்ததை ஏற்காத உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது.

தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 அமைத்த உள்ளூர் நிலைக் குழுவில் ஆட்சித் தலைவர் இடம்பெறுகிறார். ஆட்டிசம் உள்ளிட்ட குறைபாடுகள் உடையோருக்குச் சட்டப்படிப் பாதுகாவலரை நியமிப்பது இக்குழுவின் பணி. அது சிலருக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுதிக் கேட்டால் தாமே முடிவெடுக்கக்கூடிய ஒருவரிடம் ‘பாதுகாவலரை அழைத்து வாருங்கள்’ என்பது, நிதி விவகாரங்களைத் தாமே கையாளும் உரிமையைத் தரும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவுக்கு நேர் எதிரானது. ஒரு மனிதரை அவர் கண்முன்னேயே இல்லாதவராக்குவது.

எனவே மாவட்டத்தின் வங்கிகள், மருத்துவமனைகள், பெரிய விற்பனை நிலையங்கள் ஆகியவை குரலுக்கு இணையாக எழுத்துவழித் தொடர்பு ஒன்றை அறிவிக்கவும், அதில் வரும் கேள்விக்கு நாளும் தொகையும் குறித்த நேரடியான விடை தரவும், எழுதிப் பேச விரும்புவோரிடம் மருத்துவச் சான்று கேட்காதிருக்கவும் ஆட்சித் தலைவர் சுற்றறிக்கை வழியே அறிவுறுத்த வேண்டும். சிறு கடைகளுக்கு ஒரு துண்டுத்தாளும் பேனாவும், விடைக்காகச் சற்றுக் காத்திருக்கும் பொறுமையுமே போதும். இதற்காக வணிகர்களையும் வங்கியாளர்களையும் கூட்டிப் பேசும்போது ஆட்டிசம் உடைய வயதுவந்தோரையும் அழைத்து, கூட்டத்தின் கேள்விகளை முன்கூட்டியே அவர்களுக்கு எழுத்தில் அனுப்பி, அவர்கள் எழுத்தில் தரும் விடைகளை நேரில் சொன்னவற்றுக்கு இணையாகக் கூட்டக் குறிப்பில் பதிவுசெய்யுமாறு வேண்டப்படுகிறது.