காற்றையும் கேள்வியிலேயே கொடுத்துவிட்டால்?



எஃகுப் புகைபோக்கிக் கணக்கு பரீட்சையில் வந்தால் நமக்குக் கொண்டாட்டம்தான். உயரம், விட்டம், தகட்டின் கனம், காற்றழுத்தம் எல்லாம் கேள்வியிலேயே இருக்கும். ஃபார்முலாவில் போட்டால் மார்க்! மற்றதைக் கொடுக்கட்டும், காற்றழுத்தத்தைக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

நான் கொல்லிமலை எடப்புளி நாட்டுக்காரன். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் விட்டம், 6 மி.மீ. தகடு. காற்று நொடிக்கு 40 மீட்டர் என்று வையுங்கள். 1987இல் வந்து 2015இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 875 மூன்றாம் பாகப்படி, வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 960 நியூட்டன். உருளைக்கு வடிவக் கெழு 0.7. அடியில் வளைவுத் தகைவு சதுர மி.மீ.க்கு 53 நியூட்டன். அட, இவ்வளவுதானா!

அது அடிவாரத்துக்கு. அதே குழாயை மலை விளிம்பில் நிறுத்துங்கள். சரிவேறி வரும் காற்று உச்சியில் வேகம் பிடிக்கும். அதற்கென்றே கே3 என்ற கெழு இருக்கிறது, 1.36 வரை போகும். (விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப் போகப் போகக் குறையும்.) வேகம் வர்க்கமாவதால் அழுத்தம் 1.85 மடங்கு, தகைவு 99. "மேலே காற்று லேசாச்சே" என்பீர்கள். ஆயிரம் மீட்டரில் அந்தச் சலுகை பத்து சதவீதம் தேறும், அவ்வளவுதான். துருவில் 2 மி.மீ. போனால் 148! காற்று மறைவுப் பக்கத்தில் தகடு அமுக்கத்தில் இருக்கும். மெல்லிய தகடு இழுத்தால் தாங்கும், அமுக்கினால் நெளியும்.

புயல் மட்டும்தான் எதிரியா? இந்தக் குழாய் நொடிக்குச் சுமார் 1.3 முறை ஆடக்கூடியது. அதை விட்டத்தால் பெருக்கி 0.2ஆல் வகுத்தால் 7.8 மீட்டர், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். வேட்டி காயப்போடுற காற்றுங்க அது! அந்த வேகத்தில் இருபுறமும் மாறி மாறிச் சுழல் கிளம்பி, குழாயைக் காற்றுக்குக் குறுக்கே ஆட்டும். ஆடி ஆடியே வெல்டிங் விரிசல் விடும். சில புகைபோக்கிகளின் மேல் மூன்றில் ஒரு பாகத்தில் திருகு மாதிரி பட்டை சுற்றியிருப்பது இதற்காகத்தான், அழகுக்காக இல்லை.

எனவே கேள்வித்தாளில் ஊர்ப் பெயரைக் கொடுங்கள். கோட் புத்தகத்தையும் ஹாலுக்குள் விடுங்கள். காற்றை நாங்களே தேடிக்கொள்கிறோம். இன்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் ஊட்டிக்குப் போவதை ஒரு வருஷம் நிறுத்திவிட்டு, சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தின் காற்றுச் சுரங்கத்தைக் கேட்டுப் பார்க்கலாம். யார் யார் வர்றீங்க?