பத்தர் விளையாடக் கூடாதா?

ஓவியன் நகை செய்தால் நம்மவர்களுக்கு உடனே ஒரு சொல் கிடைத்துவிடுகிறது: விளையாட்டு. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். தூரிகையை வைத்துவிட்டுக் கம்பியை வளைப்பவனிடம் கலைஞனின் சுதந்திரத்தைக் காண்கிறார்கள். பரம்பரையாக அதே கம்பியை வளைக்கும் பத்தர் செய்வது மட்டும் தொழில். இந்தப் பாகுபாடு ரசனையில் பிறந்ததல்ல, சாதியில் பிறந்தது என்பது என் கட்சி.

அலெக்ஸாண்டர் கால்டரைக் காட்டுவார்கள். காட்டட்டும். காற்றில் அசையும் சிற்பங்களைச் செய்த அந்தக் கை ஏறத்தாழ 1,800 நகைகளையும் செய்தது. பித்தளை, வெள்ளிக் கம்பிகளைத் தட்டி, சுருட்டி, பெரும்பாலும் பற்றவைக்காமலே கோத்தது. 1955-ல் அகமதாபாத் வந்தபோதும் சிற்பங்களோடு நகையும் செய்தார். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவரிடம் வியக்கக் கற்ற கண் உள்ளூரில் ஏன் குருடாகிறது?

எங்கள் பழனிசெட்டிபட்டிப் பக்கம் அப்பத்தாக்கள் காதில் தண்டட்டி. இன்னும் தெற்கே பாம்படம். பாம்படத்தில் பாம்பு பெயரில்தான் இருக்கிறது. நகையில் இருப்பவை உருண்டையும் சதுரமும் பட்டையும். வெளியே மெல்லிய பொன் தகடு, உள்ளே அரக்கு. பார்வைக்குக் கனக்க வேண்டும், காது தாங்க வேண்டும். விளையாட்டென்றால் இதுதான் விளையாட்டு. விதியில்லாதது விளையாட்டல்ல. உலோகமும் உடம்பும் விதிக்கும் எல்லைக்குள் கை கண்டுபிடிக்கும் தப்பிப்பு அது.

1966-ல் பணிக்கர் சோழமண்டலத்தை உருவாக்கியது பெரிய காரியம். கைவினை சோறு போட்டால் ஓவியம் சந்தைக்குத் தலைகுனிய வேண்டாம் என்றார். ஆனால் அந்த ஏற்பாட்டிலேயே, கைவினை வயிற்றுக்கு, ஓவியம் ஆத்மாவுக்கு என்ற பழைய பிரிவினையும் குடியேறிவிட்டது. அதைப் பொய்யாக்கியவை ஜானகிராமின் சிற்பங்கள். செப்புத் தகட்டை அடித்து, கம்பிகளைப் பற்றவைத்து அவர் செய்ததில் பட்டறை எங்கே முடிகிறது, கலை எங்கே தொடங்குகிறது? கோடு கிழிக்க முடிந்தவர் கிழித்துக் காட்டட்டும்.

பத்தரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பெயரில்லாததால் அவரிடம் பிரக்ஞையும் இல்லை என்று முடிவுகட்டியது விமர்சனமல்ல, சோம்பல்.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். அப்பத்தாவின் தண்டட்டியை அழித்து எங்கள் வீட்டில் தங்கைக்குச் சங்கிலி செய்தோம். சேதாரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.