போருக்கும் காலக்கெடு வேண்டும்

சட்டப்படி நடத்தப்பட்ட போருக்கு உதாரணம் கேட்டால், ராஜதந்திரிகள் இன்றும் 1991 வளைகுடாப் போரைத்தான் சொல்கிறார்கள். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் ஒப்புதல் தந்தது, முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அணிதிரண்டன, ஆறே வாரங்களில் குவைத் மீட்கப்பட்டது. ஆனால், அந்த ஒப்புதல் எப்போது காலாவதியாகும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அதற்கான விலையை இராக் மக்கள் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். முடிவுத் தேதி இல்லாத ராணுவ நடவடிக்கைக்கோ பொருளாதாரத் தடைக்கோ பாதுகாப்பு கவுன்சில் இனி அனுமதி வழங்கக் கூடாது.

ஈரானுடன் எட்டு ஆண்டுகள் போரிட்ட இராக், 1988இல் கடனில் மூழ்கிக் கிடந்தது. கடன் கொடுத்தவர்களில் குவைத்தும் ஒன்று. கடனைத் தள்ளுபடி செய்ய மறுக்கிறது, ஒபெக் ஒதுக்கீட்டை மீறி எண்ணெய் எடுத்து விலையைச் சரிக்கிறது, எல்லையில் உள்ள ருமைலா வயலில் திருடுகிறது என்று குவைத் மீது குற்றச்சாட்டுகளை அடுக்கினார் சதாம் உசேன். இவற்றில் எதுவும் அண்டை நாட்டை விழுங்குவதற்கு நியாயம் ஆகாது. 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்துக்குள் புகுந்த இராக் படையை வெளியேற்றியே தீர வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஈரானுக்கு எதிராக அதே சதாமுக்குக் கைகொடுத்தவர்கள்தான் பிறகு அவருக்கு எதிராகத் திரண்டார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.

கூட்டணி, கொள்கையால் மட்டும் சேர்ந்தது அல்ல. படை அனுப்பிய எகிப்துக்குப் பெருமளவு கடன் தள்ளுபடியானது. போர் அனுமதியை எதிர்த்து வாக்களித்த யேமனுக்கு அமெரிக்க உதவி நின்றது. அதன் நிலைப்பாட்டின் காரணமாக லட்சக்கணக்கான யேமன் தொழிலாளர்கள் சவுதி அரேபியாவைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சுமார் 6,100 கோடி டாலர் போர்ச் செலவில் ஏறத்தாழ 5,400 கோடியை சவுதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகள் ஏற்றன. போர் தொடங்குவதற்கு இவ்வளவு கணக்குப் பார்த்தவர்கள், முடிப்பது பற்றிக் கணக்கே போடவில்லை.

1990 நவம்பர் 29 அன்று நிறைவேறிய 678ஆம் தீர்மானம் இதற்குச் சாட்சி. ஜனவரி 15க்குள் வெளியேற வேண்டும் என்று இராக்குக்கு நாள் குறித்தது அது. தவறினால் ‘தேவையான எல்லா வழிகளையும்’ பயன்படுத்தலாம் என்று கூட்டணிக்கு அனுமதித்தது. அந்த அனுமதிக்கு நாள் குறிக்கவில்லை. ஜனவரி 17இல் குண்டுவீச்சு தொடங்கியது. பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரியா பாதுகாப்பிடத்தில் தஞ்சம் புகுந்திருந்த 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் குண்டுக்குப் பலியானார்கள். பிப்ரவரி 24இல் தொடங்கிய தரைப்போர் 100 மணி நேரத்தில் நிறுத்தப்பட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் அவலம். ஆட்சியை மாற்றும் பொறுப்பை இராக் மக்களே கையில் எடுக்க வேண்டும் என்று பிப்ரவரி 15 அன்று அழைப்பு விடுத்திருந்தார் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ். தெற்கில் ஷியாக்களும் வடக்கில் குர்துகளும் கிளர்ந்தெழுந்தார்கள். மார்ச் 3 அன்று சஃப்வானில் நடந்த போர்நிறுத்தப் பேச்சில், சாலைகளும் பாலங்களும் தகர்ந்துவிட்டதால் ஹெலிகாப்டர்களைப் பயன்படுத்த இராக் தளபதிகள் அனுமதி கேட்டார்கள். அமெரிக்கத் தளபதி நார்மன் ஷ்வார்ஸ்காப் சம்மதித்தார். அந்த ஹெலிகாப்டர்கள் கிளர்ச்சியாளர்கள்மீது சுட்டன. கூட்டணிப் படை பார்த்துக்கொண்டிருந்தது.

தடைகளின் கதை இன்னும் மோசம். 661ஆம் தீர்மானத்தின்படி 1990 ஆகஸ்ட் 6இல் விதிக்கப்பட்ட தடை, குவைத் மீட்கப்பட்ட பிறகும் தொடர்ந்தது. மின்நிலையங்கள் குண்டுவீச்சில் சிதைந்திருந்தன. மின்சாரம் இல்லாமல் குடிநீரைச் சுத்திகரிக்க முடியவில்லை; கழிவுநீர் ஆறுகளில் கலந்தது. பழுதுபார்க்கும் கருவிகளை இறக்குமதி செய்யத் தடைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஓர் உறுப்பு நாடு ஆட்சேபித்தாலும் சரக்கு நிற்கும். குழந்தைச் சாவு பற்றி அந்நாளில் சொல்லப்பட்ட எண்கள் இராக் அரசால் ஊதிப் பெருக்கப்பட்டவை என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சதாமும் மக்களின் பசியை அரசியலாக்கினார். ஆனாலும், ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளை பாக்தாதில் ஒருங்கிணைத்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்பொனெக் 2000இலும் தடைகளைக் கண்டித்துப் பதவி விலகினார்கள் என்றால், அந்தத் துயரத்தை வெறும் பிரச்சாரம் என்று தள்ளிவிட முடியாது.

தடையை ஏன் தளர்த்த முடியவில்லை? காலக்கெடு இல்லாத தடையை நீக்க இன்னொரு தீர்மானம் வேண்டும். அதை ஒரே ஒரு வீட்டோ தடுத்துவிடும். தொடங்குவதற்குப் பலருடைய சம்மதம் தேவை, தொடர்வதற்கு ஒருவருடைய பிடிவாதம் போதும் என்ற இந்தத் தலைகீழ் விதிதான் பதின்மூன்று ஆண்டுகள் கோலோச்சியது. 2003 மே மாதம், சதாம் ஆட்சி வீழ்ந்த பிறகே பொருளாதாரத் தடைகள் நீங்கின.

அந்த 2003 போருக்கும் பழைய அனுமதியே முட்டுக்கொடுத்தது. புதிய தீர்மானம் கிடைக்காத நிலையில், மார்ச் 20 அன்று பாதுகாப்பு கவுன்சிலுக்கு எழுதிய கடிதங்களில் அமெரிக்காவும் பிரிட்டனும் 678ஆம் தீர்மானத்தையே மேற்கோள் காட்டின. குவைத்தை மீட்கக் கொடுத்த அனுமதி, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து பாக்தாதைப் பிடிக்கப் பயன்பட்டது.

காலக்கெடு வைத்தால் ஆக்கிரமிப்பாளர் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார் என்று வாதிடலாம். காலக்கெடு என்பது கைவிடுவது அல்ல. தேவை இருந்தால் நீட்டிக்கலாம். போஸ்னியாவில் உள்ள ஐரோப்பியப் படைக்கு அப்படித்தான் ஆண்டுதோறும் அனுமதி புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் என்ன சாதித்தோம், யார் செத்தார்கள், இன்னும் ஏன் தொடர வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டாயம் இல்லாததால்தான், லிபியாவில் பொதுமக்களைக் காக்க 2011இல் கொடுத்த அனுமதி ஆட்சிக் கவிழ்ப்பில் போய் முடிந்தது.

இந்தியாவுக்கு இது தொலைதூரப் பிரச்சினை அல்ல. 1990இல் குவைத்திலிருந்தும் இராக்கிலிருந்தும் சுமார் 1.7 லட்சம் இந்தியர்களை விமானத்தில் மீட்டு வந்தோம். எண்ணெய் விலை ஏறி, வளைகுடாவிலிருந்து வந்த பணமும் குறைந்து, அடுத்த ஆண்டு தங்கத்தை அடகுவைக்கும் நிலைக்கு வந்தோம். ஆனால், அன்றைக்கு நமக்கென்று உறுதியான நிலைப்பாடு இல்லை. அமெரிக்க ராணுவ விமானங்கள் இங்கே எரிபொருள் நிரப்ப சந்திரசேகர் அரசு அனுமதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தியது. தடைகளை நீட்டித்த 687ஆம் தீர்மானத்தை ஆதரித்தது. பின்னர், 2011இல் லிபியா மீதான வாக்கெடுப்பிலும் ஒதுங்கி நின்றோம்.

ஒதுங்கி நிற்பது கொள்கை ஆகாது. பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர இடம் கேட்கும் இந்தியா, அங்கே எதற்காகப் போக விரும்புகிறது என்பதையும் சொல்ல வேண்டும். படைபல அனுமதி எதுவானாலும் ஆறு மாதங்களில் காலாவதியாகும், தடை எதுவானாலும் ஓராண்டில் காலாவதியாகும், நீட்டிப்பதற்குப் புதிய வாக்கெடுப்பு தேவை என்ற விதியை இந்தியா முன்மொழியட்டும். வீட்டோ நாடுகள் அதை விரும்பமாட்டா. ஆனால், தடையாலும் போராலும் நசுங்கக்கூடிய நாடுகள் ஐ.நா. பொதுச் சபையில் பெரும்பான்மையாக இருக்கின்றன. அவற்றைத் திரட்டும் வேலையை இந்தியா இப்போதே தொடங்கலாம்.