தற்புகழ்ச்சிக்கு ஓர் இலக்கணம்

வேலை விண்ணப்பத்தைப் பற்றி இலக்கிய ஆர்வலர்கள் கூடும் இடத்தில் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அதுவும் எழுத்துதான்; ஒருவரது பிழைப்பைத் தீர்மானிக்கும் எழுத்து. தமிழ் பயின்றோர் அதில் தோற்பதற்குத் தமிழ் மரபையே காரணம் காட்டுகின்றனர். மரபை முழுதும் கற்காததே காரணம் என்பது எம் கருத்து.

ஆஸ்திரேலியாவில் அரசுத்துறைகளும் பல்கலைக்கழகங்களும் வேலை விளம்பரத்தோடு தெரிவு வரையறைகள் என ஒரு பட்டியலைத் தருவது நெடுநாள் வழக்கம். இன்றியமையாதவை, விரும்பத்தக்கவை என அது பெரும்பாலும் இரு கூறாக அமையும். விண்ணப்பிப்பவர் ஒவ்வொன்றுக்கும் சான்றுடன் மறுமொழி எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளில் பல துறைகள் அவற்றையெல்லாம் ஓரிரு பக்கக் கட்டுரையாகத் தொகுத்துக் கேட்கின்றன. வடிவம் மாறினும் கேள்வி மாறவில்லை. அந்நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பொதுப்பணிச் சட்டமும், பணிக்கு உண்மையில் வேண்டிய தகுதிகளோடு விண்ணப்பிப்போரின் தகுதிகளைப் பொருத்திப் பார்த்தே தெரிவு நிகழ வேண்டும் என்கிறது. வள்ளுவர் தெரிந்து வினையாடல் அதிகாரத்தில் அரசனுக்குச் சொன்னதும் ஏறத்தாழ இதுவே.

எம்மிடம் பயின்று அங்குக் குடியேறிய மாணவர் சிலர் தம் வரைவுகளை எமக்கு அனுப்புவதுண்டு. அவற்றில் இரு குறைகள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. ஒன்று, அடைமொழிப் பெருக்கம். கடின உழைப்பாளி, பொறுப்புணர்வு மிக்கவர், சிறந்த தொடர்பாற்றல் உடையவர் என்று எழுதுகின்றனர். இவற்றை யாரும் யாரைப் பற்றியும் எழுதலாம். எனவே இவை எதையும் சொல்வதில்லை. மற்றொன்று, எழுவாய் மறைவு. விழா நடத்தப்பட்டது என்பர். நாங்கள் ஏற்பாடு செய்தோம் என்பர். இக்கட்டுரையில் நாம் எனப் பன்மையில் பேசுவதால் எவருக்கும் இழப்பில்லை. விண்ணப்பத்திலோ, அந்த 'நாங்கள்' என்பதற்குள் விண்ணப்பித்தவர் செய்தது எது என்பதைத் தெரிவுக்குழு தேடிக்கொண்டிராது.

ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்று வினவினால், தன்னைத்தானே புகழ்வது தமிழ்ப் பண்பன்று என்ற விடை வருகிறது. கம்பனே தன் முயற்சியைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு ஒப்பிட்டு அவையடக்கம் சொன்னவன் அல்லவா என்கின்றனர். உண்மைதான். பவணந்தி முனிவரின் நன்னூலும், எத்தகைய நூல்களைப் படைத்த புலவனாயினும் தற்புகழ்ச்சி தகாது என்றே பொதுவிதி வகுக்கிறது. ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. அடுத்த நூற்பாவில் நான்கு விலக்குகளைத் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது தன்னைப் புகழ்தல் புலவனுக்குத் தகும் என்கிறார். முதலிரண்டையும் கூர்ந்து நோக்குங்கள். முன்பின் அறியாத அதிகாரிகளுக்கு எழுதி விடுக்கும் ஓலை அன்றி விண்ணப்பம் வேறென்ன? பொதுவிதியை மனனம் செய்த நாம் விலக்கை மறந்துவிட்டோம்.

இனி, அதை எழுதும் முறை. முதலில் வரையறையை நூற்பாவைப் போல் பதம் பிரித்துப் படிக்க வேண்டும். 'செய்துகாட்டிய அனுபவம்' என்பது வேறு, 'செய்யும் ஆற்றல்' என்பது வேறு. முன்னதற்கு அதே பணியைச் செய்த சான்று வேண்டும்; பின்னதற்கு அதனோடு ஒத்த வேறொரு பணியையும் காட்டலாம். பிறகு சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கு படிகளில் ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். அவற்றுள் செயலுக்கே மிகுதியான இடம் தர வேண்டும்.

நூலகப் பணி ஒன்றுக்குப் பொதுமக்களோடு இணங்கிப் பழகும் திறன் வரையறையாக உள்ளது என்று கொள்வோம். 'நான் இனிமையாகப் பழகுபவள்' என்பது ஒரு மறுமொழி. மற்றொன்று இது: 'கல்லூரி நூலகத்தில் பகுதிநேரப் பணியிலிருந்தபோது, தேர்வுக் காலத்தில் மாணவர்கள் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று சினந்தனர். வரிசையைக் கவனிப்பது என் பொறுப்பு. நூல் பெறுவோர்க்கும் திருப்புவோர்க்கும் தனித்தனி வரிசை அமைக்க நூலகரிடம் இசைவு பெற்றேன். தாமதத்தின் காரணத்தை நின்றவர்களிடம் நானே சென்று விளக்கினேன். காத்திருப்பு கால் மணி நேரமாகக் குறைந்தது.' இதில் இனிமை என்ற சொல்லே இல்லை. ஆயினும் படிப்பவர் அதை உணர்ந்துகொள்கிறார். குணத்தைக் கூறாமல் செயலால் உணர்த்துவது நம் செய்யுள் மரபு அறியாததா?

இது பொய்யர்க்கே வாய்ப்பாகும் என்பார் உளர். பவணந்தியார் விலக்களித்தது புகழ்ச்சிக்கு, பொய்க்கு அன்று. நேர்காணலில் அதே நிகழ்வைத் துருவிக் கேட்பர்; பரிந்துரைப்போரிடம் விசாரிப்பர். கணினியே எழுதித் தரும் காலத்தில் இப்பயிற்சி எதற்கு என்பாரும் உளர். அடைமொழிகளைக் கணினி எத்தனை வேண்டுமானாலும் தரும். அந்த வரிசையில் நின்ற மாணவர்களை அது பார்த்ததில்லை. அதை அறிந்தவர் அவர் ஒருவரே.

எனவே தமிழ்த்துறைகள் நன்னூல் நடத்தும்போது இந்த இரு நூற்பாக்களையும் சேர்த்தே நடத்த வேண்டும். நடத்திய கையோடு ஒவ்வொரு மாணவரையும் தாம் செய்த செயலொன்றைப் பற்றி, தன்மை ஒருமையில், ஒரு பக்கம் எழுதச் செய்ய வேண்டும். கிராமத்திலிருந்து வந்து, வீட்டில் முதல் பட்டதாரியாகிய பிள்ளைகளிடம் சொல்வதற்குச் செயல்கள் நிறையவே உள்ளன. அவற்றைச் சொல்வது தகும் என்று அவர்களுக்குச் சொல்லும் கடமை நம்முடையது.